அப்ளை செய்வது பாதி வேலைதான்: நௌக்ரி, லிங்க்ட்இன் நீண்ட கால அனுபவம்

கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி வந்த 2017இல் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன், அப்புறம் ஒரு பம்ப் கம்பெனி, இப்போது வண்டி உதிரிபாகம் செய்யும் இடம். இரண்டு மாற்றமும் நௌக்ரி, லிங்க்ட்இன் என்ற வேலை தேடும் தளங்கள் வழியாக வந்தவைதான். வேலை தேடாத காலத்திலும் இரண்டு கணக்கையும் அப்படியே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று: நானாக அப்ளை செய்து வந்த அழைப்பைவிட, அவர்களாகத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டதுதான் அதிகம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1997இல் தொடங்கிய நௌக்ரிக்குப் பெரும்பகுதி வருமானம் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. நம் விவரங்கள் சேர்ந்து கிடக்கும் ரெஸ்டெக்ஸ் என்ற தொகுப்பில் தேடிப் பார்க்க அவர்கள் பணம் கட்டுகிறார்கள். விளம்பரம் போட்டால் வந்து குவியும் விண்ணப்பங்களைப் புரட்டுவதைவிட, நாலு வார்த்தை தட்டித் தேடுவது அவர்களுக்குச் சுலபம்.

சென்னையில் ஒரு கன்சல்டன்ஸியில் ரெக்ரூட்டராக இருக்கும் என் சித்தி மகள் ஒருமுறை அந்தத் தேடலைச் செய்து காட்டினாள். முதலில் திறமைச் சொற்கள்: டாலி பிரைம் (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன் படிவம்), டிடிஎஸ் (வரிப் பிடித்தம்). அடுத்து அனுபவம் எத்தனை வருஷம், எந்த ஊர், சம்பளம் எவ்வளவுக்குள், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா செய்தபின் வேலை பார்க்க வேண்டிய காலம்). கடைசியாக, எத்தனை நாளுக்குள் தளத்துக்கு வந்து போனவர்கள் என்ற வடிகட்டி. அதைச் சொடுக்கியதும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. மிஞ்சியவர்களில் ஒவ்வொருவருக்கும் திரையில் கிடைத்த இடம் ஒரு சின்னப் பெட்டி: பெயர், அனுபவம், சம்பளம், ஊர், தலைப்பு வரி, திறமைகள். ரெஸ்யூமேயைத் திறக்காமலே ஸ்க்ரோல் செய்துகொண்டு போனாள். "எல்லாத்தையும் திறந்து படிச்சா எனக்குப் பொழுது போயிடும்ணா" என்றாள்.

அந்தப் பெட்டிக்காகத்தான் நாம் எழுத வேண்டும். 'கடின உழைப்பாளி, புதிய சவால்களைத் தேடுகிறேன்' என்று தலைப்பு வரி வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம். அதை யாரும் தேடுவதில்லை. என் வரி இப்போது இப்படி: 'சீனியர் அக்கவுண்டன்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், 2பி ரீகன்சிலியேஷன், டாலி பிரைம், உற்பத்தித் துறை, கோவை.' 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டி அறிக்கை, அதை நம் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதுதான் ரீகன்சிலியேஷன். வரி அழகில்லைதான், ஆனால் தேடினால் சிக்கும். டாலி விஷயத்தில் ஒரு குறிப்பு. 2020 கடைசியில் பிரைம் வந்தது. ரெஸ்யூமேயில் இன்னமும் பழைய பதிப்பான ஈஆர்பி 9 மட்டும் போட்டிருந்தால், பிரைம் என்று தேடுகிறவர் கண்ணில் படாமல் போக வாய்ப்புண்டு. இரண்டையும் எழுதிவிடுங்கள்.

நோட்டீஸ் பீரியடைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று மாதம் என்று போட்டிருந்தபோது போன் அடங்கியே கிடந்தது. பம்ப் கம்பெனியில் பேப்பர் போட்ட அன்றே, நோட்டீஸில் இருக்கிறேன் என்று மாற்றி, கடைசி வேலை நாளையும் குறித்தேன். அந்த வாரத்திலிருந்து அழைப்புகள் வந்தன. இதற்காகக் கையில் வேலை இல்லாமல் ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருந்தும் பழக்கத்தில் மூன்று மாதம் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் புதிதாக வைத்திருப்பது பெரிய வேலையில்லை. வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை டீயோடு முடித்துவிடுவேன். இப்போது வேலை பார்க்கும் கம்பெனி கண்ணில் படாமலிருக்க, அதன் பெயரை மறைப்புப் பட்டியலில் சேர்க்கும் வசதி நௌக்ரியில் உண்டு. லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டலாம். ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். வேலை தேடுகிறேன் என்று படத்தைச் சுற்றிக் காட்டும் பச்சை வளையத்தைப் போட்டால் மேனேஜர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

லிங்க்ட்இன்னில் ஒரே சொடுக்கில் அப்ளை செய்யும் வசதியால் எனக்குப் பெரிதாகப் பலன் இல்லை. நமக்குச் சுலபம் என்றால் ஊருக்கே சுலபம். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று காட்டும் வேலைக்கு நான் அப்ளை செய்வதே இல்லை. விளம்பரம் போட்டவர் பெயர் தெரிந்தால் அவருக்கு மூன்று வரியில் செய்தி அனுப்புவேன்: என்ன வேலை தெரியும், எப்போது சேர முடியும், எந்த ஊர். இப்போதைய வேலை அப்படி வந்ததுதான்.

ரெஸ்யூமேயை டிசைன் ஆப்பில், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, கலர் பட்டையெல்லாம் வைத்துச் செய்கிறார்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும், சரி. ஆனால் ஒரு பெரிய கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில் அப்படி ஒன்றை ஏற்றியபோது, நூற்பாலையின் பெயர் கல்லூரிக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. சோதிக்க வழி இருக்கிறது. பிடிஎஃபில் உள்ள எழுத்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் குழம்பினால் மென்பொருளுக்கும் குழம்பத்தான் வாய்ப்பு அதிகம். பிரிக்காத பக்கம், சாதாரண எழுத்துரு, அவ்வளவு போதும்.

ஒரு தளத்தின் கட்டணச் சேவைக்கும் பணம் கட்டிப் பார்த்தேன். பார்வைகள் கூடின. வந்த போன்களில் பாதி, கோர்ஸ் விற்கிறவர்களும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களும்தான். கெடு முடிந்ததும் நீட்டிக்கவில்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் சின்ன யூனிட்களில் வேலை தேடுகிறவர்கள் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பதிந்து வைக்கலாம், கட்டணம் இல்லை. எனக்கு அதன் வழியாக நேர்காணல் வரை வந்தது ஒன்றுதான், சம்பளம் ஒத்துவரவில்லை.

அப்புறம், போனை எடுங்கள். தெரியாத எண் என்று விட்டால் அவர்கள் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதி வாக்கில் என்னால் எடுக்க முடியாது. அதனால் 'கூட்டத்தில் இருக்கிறேன், மாலை 6 மணிக்குப் பேசலாமா' என்று ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தயாராக வைத்திருக்கிறேன். அதற்குப் பெரும்பாலும் 'ஓகே' என்று பதில் வந்துவிடும்.