வெள்ளைப் பட்டைக்கு அடியில் மஞ்சள்: வாடகை ரிக் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. எங்கள் நிறுவனத்துக்கும், எண்ணெய், எரிவாயுக் கிணறு துளைக்கும் இயந்திரத் தொகுதியான ரிக்கை வாடகைக்கு விட்ட ஒப்பந்ததாரருக்கும் இடையிலான தகராறு நடுவர் முன்னால் இருந்ததால் அப்போது வாய் திறக்க முடியவில்லை. இப்போது அது சமரசத்தில் முடிந்துவிட்டது. சமரச நிபந்தனைப்படி அந்த ஒப்பந்ததாரரின் பெயரை நான் சொல்லக் கூடாது. ஆனால் நடந்தது என்ன, அதில் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பதைச் சொல்லத் தடையில்லை. சிறிய நிறுவனங்களில் இருந்துகொண்டு முதன்முறையாக ரிக் எடுக்கப் போகிறவர்களும், துளையிடும் வேலைக்கு வடக்கே போகும் நம் ஊர்ப் பிள்ளைகளும் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் காரைக்கால், திருவாரூர் பக்கத்துக் கிணறுகளில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். காவிரிப் படுகையில் ஒரு பம்ப்பின் வால்வு போய்விட்டால், மறுநாள் காலைக்குள் மாற்று வால்வு வந்து சேர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் ராஜஸ்தானுக்குப் போனேன். எங்கள் ஆய்வுக் கிணறு, ஜெய்சல்மரிலிருந்து வடமேற்கே ராம்கட்டைத் தாண்டி, எல்லைக்குப் போகும் சாலையிலிருந்து விலகி, மணல்மேட்டுக்கு நடுவில் இருந்தது. எல்லைப் பகுதி என்பதால் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் வண்டிக்கும் அனுமதி வேண்டும். குடிநீர் முதல் துளையிடும் நீர் வரை எல்லாம் டேங்கரில் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் உதிரிபாகம் இல்லையென்றால் ஒரு வாரம் போயிற்று என்று பொருள். இது ஒப்பந்ததாரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட டிரெய்லர்களில் இறங்கிவிட்ட ரிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கொண்டுவர எங்களால் முடியாது என்பதே அவர்களுடைய முதல் பலம்.

காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. 1,000 குதிரைத்திறன் ரிக், மட் எனப்படும் சேற்றுத் திரவத்தைத் துளைக்குள் செலுத்தும் இரண்டு மட் பம்ப்புகள், ஆய்வு செய்யப்பட்ட 5 அங்குல டிரில் பைப் (துளையிடும் குழாய்), சோதனைச் சான்றோடு பி.ஓ.பி. (கிணற்றின் வாயை மூடும் கருவி), அனுபவமுள்ள குழு என்று தொழில்நுட்ப ஒப்பந்தப்புள்ளியில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ரிக் அப்போது குஜராத்தில் ஒரு யார்டில் நின்றது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, மூன்றாம் தரப்பு ஆய்வாளரின் அறிக்கையும் நாற்பது புகைப்படங்களும் இருக்கும்போது பயணச் செலவு எதற்கு என்றார்கள் எங்கள் தலைமை அலுவலகத்தில். நானும் வற்புறுத்தவில்லை. அந்த ஆய்வாளரை அமர்த்தி, பணம் கொடுத்தது ஒப்பந்ததாரரே என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒப்பந்தப்படி வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு மாதம் தாமதமாக வந்தார்கள். வந்து ரிக்கைப் பொருத்தி நிறுவியதும், ஏற்புச் சான்றில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் குறைகளை எழுதினேன். முப்பத்தொரு குறைகள் வந்தன. “சார், இதெல்லாம் சின்ன வேலை, துளை போடப் போடச் சரிசெய்துவிடுவோம்” என்றார் அவர்களுடைய டூல்புஷர், அதாவது ரிக்கின் பொறுப்பாளர். ஏற்கெனவே இரண்டு மாதம் பின்தங்கிவிட்டோம் என்று அலுவலகத்திலிருந்தும் தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. குறைப் பட்டியலை இணைத்து நான் கையெழுத்திட்டேன். அந்த நிமிடத்திலிருந்து முழு நாள் வாடகை ஓடத் தொடங்கியது. பட்டியலில் இருந்த ஒரு குறையைக்கூடச் சரிசெய்ய வேண்டிய அவசரம் அவர்களுக்கு அதன்பின் இல்லாமல் போயிற்று. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: குறைப் பட்டியலோடு போடும் கையெழுத்தும் கையெழுத்துதான்.

இரண்டாவது மட் பம்ப்பில், மட் பாயும் பாகமான ஃப்ளூயிட் எண்டில் பழைய விரிசலை வெல்டிங் செய்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர்தான் முதலில் கண்டுபிடித்தார். “அண்ணே, ரெண்டாம் பம்ப்பு சத்தம் சரியில்ல, ஒரு பக்கம் ஈரமா இருக்கு, வந்து பாருங்க” என்று இரவில் வந்து எழுப்பினார். கையை வைத்துப் பார்த்தேன். வெல்டிங் ஓரத்தில் நூல்போல மட் கசிந்துகொண்டிருந்தது. அதன்பின் ஏறக்குறைய மொத்தக் கிணற்றையும் ஒரே பம்ப்பில்தான் துளைத்தோம். அந்த ஒன்றும் நின்றால் எல்லாம் நின்றது. எங்கள் ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 30 மணி நேரம் வரை பழுதுபார்ப்புக்கு வாடகை உண்டு, அதற்கு மேல் கிடையாது. முதல் மாதத்திலேயே அந்தக் கணக்கு தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை, ஏனென்றால், இரவு ஷிப்டின் தினசரி அறிக்கையில் பம்ப் பழுதை ‘மட் கண்டிஷனிங்’ (மட்டைப் பதப்படுத்துதல்) என்றும் ‘நிறுவனத்தின் உத்தரவுக்குக் காத்திருப்பு’ என்றும் எழுதி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன எங்கள் இளம் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நடுவர் முன்னால் அந்தக் கையெழுத்துகள்தான் பேசின. எது நடந்தது என்று நாங்கள் சொன்னதை அவை அமுக்கிவிட்டன.

பணம் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பி.ஓ.பி. விஷயம் அப்படிப்பட்டதல்ல. கிணற்றில் எதிர்பாராமல் வாயு ஏறி வந்தால், கிணற்றின் வாயை மூடுவதற்கு இருப்பது அந்த ஒரு கருவிதான். அதை மூடும் விசை, அக்குமுலேட்டர் பாட்டில்களில் தேக்கிவைத்த அழுத்தத்திலிருந்து வருகிறது. 3,000 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் இயங்கும் யூனிட்டில் ஒவ்வொரு பாட்டிலிலும் முன்கூட்டியே 1,000 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் நிரம்பியிருக்க வேண்டும். நைட்ரஜன் இல்லாத பாட்டில் எண்ணெயால் நிரம்பும், முள் 3,000 காட்டும், பார்ப்பவர் திருப்தியோடு போய்விடலாம். ஆனால், மூட வேண்டிய நேரத்தில் அதிலிருந்து ஒன்றும் வராது. துளையின் சுவரைத் தாங்க இறக்கும் எஃகுக் குழாயான கேசிங்கில் முதலாவதுக்குக் கீழே துளைக்கப் போகும் முன், சார்ஜ் செய்யும் பம்ப்புகளை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக மூடிக் காட்டச் சொன்னேன். எல்லாம் மூடிய பிறகும் 1,200 பி.எஸ்.ஐ. மிச்சம் இருக்க வேண்டும். பாதியிலேயே முள் 1,000-க்கு இறங்கியது, பிறகு மளமளவென்று விழுந்தது. அளவுமானி பழுது என்றார் டூல்புஷர். பாட்டில்களைத் தனித்தனியாகச் சோதித்தோம். பன்னிரண்டில் ஐந்தில் நைட்ரஜனே இல்லை. சான்றிதழில் அந்த ஐந்தும் மூன்று வாரத்துக்கு முன் நிரப்பப்பட்டவை.

நான் வேலையை நிறுத்தினேன். நைட்ரஜனும், பாட்டிலுக்குள் அதை அடைத்துவைக்கும் ரப்பர் பைகளான புதிய பிளாடர்களும் வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளுக்கும் ‘நிறுவனத்தின் உத்தரவால் நிறுத்தம்’ என்று சொல்லிக் காத்திருப்பு வாடகை கேட்டு பில் அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்திலும் சிலர் நான் அவசரப்பட்டதாகச் சொன்னார்கள். ஆய்வுக் கிணறு என்றால் கீழே என்ன அழுத்தம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத கிணறு என்பதை அவர்களுக்கு நான் எழுதி விளக்க வேண்டியிருந்தது. கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லபூடி கிணறு 1995 ஜனவரியில் வெடித்து 65 நாள் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27-ஆம் தேதி வெடித்த கிணறு ஜூன் 9-ஆம் தேதி தீப்பற்றியது. தீயணைப்புப் பணியாளர் இருவர் உயிரிழந்தார்கள், ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களுக்குப் போனார்கள், அணைக்க நவம்பர் நடுப்பகுதி ஆயிற்று. அங்கேயும் வேலை பார்த்தது வாடகை ரிக். சிமென்ட் அடைப்பு இறுகும் முன்பே பி.ஓ.பி. கழற்றப்பட்டதைத்தான் விசாரணையில் முதன்மையாகச் சொன்னார்கள். இதையெல்லாம் நான் எழுதிய பிறகே அலுவலகம் அந்த பில்லை மறுத்தது.

அடுத்து, டிரில் பைப். பயன்பட்ட பைப்புகளை ஆய்வு செய்து தரம் பிரித்து, வண்ணப் பட்டை அடிப்பது வழக்கம். இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் பிரீமியம், சுவரின் கனத்தில் குறைந்தது 80 சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஒரு மஞ்சள் பட்டை என்றால் அதற்குக் கீழான இரண்டாம் வகை. எங்களுக்கு வந்தவை எல்லாம் பளிச்சென்று இரண்டு வெள்ளைப் பட்டையோடு இருந்தன. 1,740 மீட்டரில், பம்ப்பின் ஸ்ட்ரோக் வேகம் மாறாமல் இருக்கும்போதே அழுத்தம் 1,900 பி.எஸ்.ஐ.-யிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 1,650-க்கு இறங்கியது. பைப்பை வெளியே இழுத்துப் பார்த்தபோது, ஒரு பைப்பின் உடம்பில் விரல் நுனி நுழையும் அளவு ஓட்டை. மட் அரித்த ஓரங்கள் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தன. அந்தப் பைப்பை மாற்றிவிட்டுத் தொடர்ந்தோம். அன்றே எல்லாப் பைப்பையும் நிறுத்திச் சோதித்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. 2,130 மீட்டரில் பைப் முறிந்தது. பைப் தொங்கும் கொக்கியில் 70 டன்னுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த எடைமானி ஒரே குலுக்கலில் 48-க்கு இறங்கி நின்றது.

உள்ளே விழுந்ததைப் பிடித்து மேலே எடுக்க ஒன்பது நாள் ஃபிஷிங் நடந்தது. அந்த நாள்களில் ஒரு பிற்பகல், செய்வதற்கு வேலை இல்லாமல், ரேக்கில் கிடந்த பைப் ஒன்றின் பட்டையைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் மஞ்சள் இருந்தது. அடுத்ததைச் சுரண்டினேன், அதிலும் மஞ்சள். பதினைந்தைச் சுரண்டியதில் பதினொன்று மஞ்சள். ஜோத்பூரிலிருந்து கனம் அளக்கும் கருவியோடு ஆளை வரவழைத்தோம். புதிதாக இருந்தால் 9.19 மில்லிமீட்டரும், பிரீமியமாக இருந்தால் 7.35 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டிய சுவர், பல பைப்புகளில் 6.5-ஐ ஒட்டியே இருந்தது. சான்றிதழில் இருந்த வரிசை எண்களை பைப்பின் முனை இணைப்பான டூல் ஜாயின்டில் பொறித்திருந்த எண்களோடு ஒப்பிட்டோம். அவை வேறொரு ரிக்கின் பைப்புகளுக்கு வாங்கிய சான்றிதழ்கள். இந்த ஒப்பீட்டை முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பேரும் இருந்தால் அரை நாளில் முடித்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

பிடிக்க முடியாமல் போனதை உள்ளேயே விட்டு, சிமென்ட் வைத்து, பக்கவாட்டில் புதுத் துளை போட்டோம். மாத முடிவில் ஒப்பந்ததாரரின் பில் வந்தது. அதில், கிணற்றுக்குள் போன பைப்புகளுக்குப் புது விலை கேட்டிருந்தார்கள். துளைக்குள் போன கருவிகளின் இழப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு; எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறக்குறைய இருக்கும். தேய்ந்த பைப்பை வெள்ளையடித்து அனுப்பி, அது முறிந்ததற்குப் புதுப் பைப்பின் விலையை எங்களிடமே கேட்டார்கள். கனம் அளந்த அறிக்கையும் வரிசை எண் பட்டியலும் கையில் இருந்ததால் மட்டுமே அந்தக் கோரிக்கையைக் கடைசியில் கைவிட்டார்கள். ஃபிஷிங்குக்கும் பக்கவாட்டுத் துளைக்கும் போன பணம் திரும்பவில்லை.

மட்டுக்கு எடை கொடுக்கும் பேரைட்டிலும் ஏமாற்று நடந்தது. அது வேறொரு சப்ளையர். மூட்டையில் 4.20 ஒப்படர்த்தி என்று அச்சிட்டிருந்தது. எத்தனை மூட்டை கொட்டினாலும் எடை ஏறாமல் மட் மட்டும் கூழாகிக்கொண்டே போனதால் சந்தேகப்பட்டு அளந்தோம், 3.8 வந்தது. நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் பழைய கடப்பை மாவட்டத்து மங்கம்பேட்டையில் உலகத் தரமான பேரைட் தோண்டுகிறார்கள். அது பாலைவனம் போய்ச் சேரும் வழியில் எங்கேயோ கலப்படமாகிவிடுகிறது. சரக்கு இறங்கும்போதே மாதிரி எடுத்து அளப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் கொடுத்திருந்த இரண்டு டிரில்லர்களும் வரவேயில்லை. வந்தவர்களில் ஒருவரிடம் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்று காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சான்று அது. ஏஜெண்ட் மூலமாக வந்த நம் ஊர் இளைஞர்கள் இருவருக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றால் ஜெய்சல்மர் வரை கொண்டுபோய் விட வண்டியும் கொடுக்கவில்லை. பம்ப் கசிவைக் கண்டுபிடித்த இளைஞரும் அவர்களில் ஒருவர். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை நிறுவனமே கொடுத்துவிட்டு அந்தத் தொகையை ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்று, அப்போது நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லியது. அதைக் காட்டித்தான் எங்கள் நிறுவனத்தைக் கொடுக்க வைத்தேன். வேலைக்குப் போகும் பிள்ளைகள், பணி நியமனக் கடிதத்தில் ஏஜெண்டின் பெயர் இருக்கிறதா, ரிக் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதை ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரயில் ஏறுங்கள்.

இப்போது நான் வேறொரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். போன முறை ரிக் எடுத்தபோது, லாரியில் ஏற்றும் முன்பே யார்டில் பத்து நாள் தங்கினேன். எங்கள் பணத்தில் எங்கள் ஆய்வாளரை அழைத்துப் போனேன். பி.ஓ.பி., பம்ப், பைப் மூன்றிலும் ஒரு குறை பாக்கியிருந்தாலும் ஏற்புச் சான்று கிடையாது, அதுவரை வாடகையும் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். ரிக்கைக் கொண்டுவரும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கிணறு பாதி ஆழம் போன பிறகே கொடுப்பது என்றும், தினசரி அறிக்கையில் இரவு ஷிப்டின் நேரக் கணக்கை நான் காலையில் பார்க்காமல் எங்கள் ஆள் யாரும் கையெழுத்திடக் கூடாது என்றும் வைத்துக்கொண்டேன். அந்த ஒப்பந்ததாரர் முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். நேர்மையான ரிக் வைத்திருப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் மறுப்புச் சொல்வதில்லை என்பதையும் அப்போது பார்த்தேன்.

எங்களை ஏமாற்றிய ரிக் அந்தக் கிணற்றிலிருந்து இறங்கிய பிறகு மீண்டும் குஜராத் யார்டுக்குப் போய், புதுப் பெயின்ட்டோடு வேறொரு மாநிலத்து ஒப்பந்தப்புள்ளிக்குத் தயாராக நிற்பதாக, அங்கே வேலை பார்க்கும் நண்பர் சொல்கிறார். எங்கள் பைப்புகளின் வரிசை எண் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வடமேற்கிலோ வடகிழக்கிலோ 1,000 குதிரைத்திறன் ரிக் எடுக்கப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பைப் எண்களை வாங்கி எனக்கு அனுப்பினால், ஒப்பிட்டுப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்கிறேன்.