பதினொரு பாட்டில்களும் அவற்றின் மாற்றுகளும்: பினாங்கு வீடொன்றில் செய்துபார்த்த ஒப்பீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியைக் காலி செய்தபோது அதிலிருந்து பதினொரு பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தேன். தரைக்கு, கண்ணாடிக்கு, கழிவறைக்கு, அடுப்பு மேடைக்கு, குத்துவிளக்குக்கு என்று வேலைக்கொன்றாக வாங்கிய அவற்றுள் பாதி, அடியில் கொஞ்சம் மிஞ்சி மூடி இறுகிப்போனவை. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நால்வர் வாழ்வதற்கு இத்தனையும் வேண்டுமா என்று அன்று எழுந்த கேள்விக்கு, கடைச்சரக்கையும் வீட்டு மாற்றையும் அருகருகே வைத்துப் பயன்படுத்தித்தான் விடை தேடினேன். அழுக்கு உண்மையில் போகிறதா, வேலை செய்பவர் எதைச் சுவாசிக்கிறார், பிறகு குப்பைத்தொட்டியிலும் கால்வாயிலும் எது போய்ச் சேர்கிறது என்ற மூன்றைக் கொண்டே இங்கே எடைபோடுகிறேன்.

பினாங்கில் இந்தப் பேச்சு தொடங்கினால் யாராவது ஒருவர் பழத்தோல் என்சைமைக் கையில் எடுத்துவிடுவார். தாய்லாந்தின் டாக்டர் ரோசுகோன் பூம்பான்வோங் பரப்பிய முறை அது. பழுப்புச் சீனி 1 பங்கு, பழம் காய்கறித் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு எனச் சேர்த்து மூடிவைத்தால் மூன்று மாதத்தில் தெளிந்த பழுப்பு நீர் கிடைக்கும். கீழ்மாடி அக்கா ஒருவர் சொல்லித்தர, பழ வெட்டுக் கடையிலிருந்து அன்னாசித் தோலை வாங்கிவந்து நானும் போட்டேன். முதல் மாதம் முழுவதும் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தபோது, டப்பாவின் பக்கங்கள் பானையைப் போல் உப்பியிருந்தன. மூடியைக் கால் திருகு திருகியதும் சீறிக்கொண்டு நுரை பொங்கிப் பால்கனித் தரையெல்லாம் வழிந்தது. கண்ணாடிப் புட்டியில் இதைப் போடக் கூடாது என்று அக்கா கண்டித்துச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அந்த டப்பாவுக்குள் நடப்பது மந்திரமன்று. காற்றிலும் தோலிலும் இருக்கும் ஈஸ்டுகள் சீனியைச் சாராயமாக்க, அந்தச் சாராயத்தை வேறு நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. மூன்று மாதம் காத்திருந்து நாம் பெறுவது, முக்கியமாக, மணமுள்ள ஓர் இளம் வினிகர். நன்றாக நீர் கலந்து துடைத்தால் அடுப்பு மேடையின் மெல்லிய பிசுக்கு போகிறது. நீர் குறைந்தால் எறும்பு வருகிறது. அது ஓசோனை உண்டாக்கிப் புவியைக் குளிர்விக்கிறது என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் நொதிக்கும்போது வெளியேறுவது கரியமில வாயுதான். ஆற்றைத் தூய்மையாக்கும் என்று நம்பி அதைக் கால்வாயில் ஊற்றுவதையும் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறாகவே கருதுகிறேன். கரைந்த கரிமப் பொருளை ஆற்றில் சேர்த்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீனுக்கு வேண்டிய பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். தோலைக் குப்பைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் நோக்கமென்றால், ஒரு கிலோ சீனியைச் செலவழிப்பதைவிட, பழைய பூந்தொட்டியில் காய்ந்த இலையோடு அடுக்கி உரமாக்குவது மேல். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உணவுக் கழிவு என்பதால் இந்த ஒரு பழக்கத்தின் பலன் பெரிது. ஆனாலும் அக்காவின் டப்பாக்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோலைத் தனியே பிரிக்கும் பழக்கத்தை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தவர் அவரே.

கடையில் சூக்கா என்று கேட்டு வாங்கும் வினிகர், அதே வேலையைக் காத்திருக்காமல் செய்கிறது. குழாய் முனையிலும் கெண்டியின் அடியிலும் படியும் வெள்ளைப் படிவத்துக்கும், குளியலறைக் கண்ணாடியின் சோப்புக் கறைக்கும் அதற்கு நிகரில்லை. ஆனால் பழைய பினாங்கு வீடுகளில் பளிங்குச் சில் பதித்த வழவழப்பான சிமெண்டுத் தரை இருந்தால், அதன்மேல் வினிகரையோ என்சைமையோ ஊற்றக் கூடாது; அமிலம் சுண்ணாம்பை அரித்து மெருகைக் கெடுத்துவிடும். அத்தரைக்கு ஒரு வாளி நீரில் சில துளி பாத்திரச் சோப்பே போதும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல்: ரப்பர் பாலை உறையவைக்கும் அமிலத்தையும் சிலர் சூக்கா என்றே அழைப்பதுண்டு. அது பார்மிக் அமிலம், தோலையும் கண்ணையும் சுடும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து நுரை பொங்கச் செய்யும் காணொளிகள் ஏராளம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த வெறும் நீர்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியே ஈரத்துணியில் தொட்டுத் தேய்ப்பதும், படிவத்துக்கு வினிகரைத் தனியே ஊறவைப்பதுமே சரி. வேறு கலவைகள் பயனற்றவை மட்டுமல்ல, ஆபத்தானவை. அலமாரியைக் காலி செய்த அதே வாரத்தில், மிச்சத்தைத் தீர்த்துவிடலாம் என்று கழிவறை அமிலத்தை ஊற்றிய இடத்திலேயே பிளீச்சையும் ஊற்றினேன். அடுத்த நொடியில் தொண்டையைப் பிடித்து இறுக்கியதுபோல் இருமல் வந்தது, கண் எரிந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். வெளிவந்தது குளோரின் வாயு. வினிகரும் பிளீச்சும் சேர்ந்தாலும் அதுவே வரும்.

அப்படியிருந்தும் பதினொன்றில் ஒன்றாகப் பிளீச்சை வைத்துக்கொண்டேன். குழந்தைகளிடையே கை கால் வாய்ப்புண் நோய் வரும்போது, அதை உண்டாக்கும் கிருமிக்கு மேலுறை இல்லாததால் வினிகரும் என்சைமும் அதை அசைக்காது. நீர் கலந்த பிளீச் கொல்லும். அன்றாடத் தரை துடைப்புக்கு அது தேவையே இல்லை. வாந்தி பட்ட இடம், நோயுற்ற பிள்ளையின் விளையாட்டுப் பொருள், சுவரில் பூத்த பூஞ்சை ஆகியவற்றுக்கு மட்டும், சன்னலைத் திறந்துவைத்து, குளிர்ந்த நீரில் கலந்து, அன்றன்று தீர்க்க வேண்டிய பொருளாக அதைக் கருதுகிறேன்.

விளக்குத் துலக்குவதில் ஒப்பீடே தேவைப்படவில்லை. உலோகப் பளபளப்புத் திரவம் மூக்கைத் துளைக்கிறது, துணியைக் கருக்குகிறது. ஒரு நெல்லிக்காயளவு புளியை ஊறவைத்து, கொஞ்சம் உப்போடு குத்துவிளக்கின் தண்டில் தேய்த்தால், விரல் போன வழியெல்லாம் கறுப்புக்கு நடுவே பொன்னிறக் கோடு விழுகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைப்பதே காரணம். கழுவிய உடனே துடைத்து உலர்த்தாவிட்டால் மறுபடி கறுக்கும் என்பதுதான் அதன் ஒரே குறை.

நச்சு என்ற வகையில் நான் மிக அஞ்சுவது பாட்டில்களுக்குள் இல்லாத இரண்டுக்கு. ஒன்று கொசுவர்த்திச் சுருள். மலேசியச் சந்தையின் சுருள்களையும் சேர்த்துச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளிவிடுகிறது என்று கண்டது. மூடிய படுக்கையறையில் பிள்ளையின் தலைமாட்டில் அதை ஏற்றுகிறோம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில், குறிப்பாக விடிந்தபின்னும் மாலை மயங்கும் நேரத்திலும் கடிப்பது என்பதால், இரவுச் சுருள் அதற்கெதிராக அதிகம் உதவுவதுமில்லை. சன்னலுக்குக் கம்பிவலையும், வாரத்துக்கொரு முறை பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, பால்கனி மூலையின் வாளி ஆகியவற்றைக் கவிழ்த்துக் காயவைக்கும் பத்து நிமிடமும், முட்டை கொசுவாகுமுன் அந்தச் சுழற்சியை அறுத்துவிடுகின்றன. இந்தச் செலவு ஒரு முறைதான். சுருளின் செலவு ஆண்டு முழுதும்.

மற்றொன்று துணி அலமாரியின் பாச்சை உருண்டை. நாப்தலீன் உருண்டையோடு மடித்து வைத்த துணியைப் பச்சிளங்குழந்தைக்குப் போர்த்தினால், ஜி6பிடி குறைபாடுள்ள (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்த) குழந்தையின் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். இந்நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதிப்பதும், உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இந்த உருண்டையை வீட்டில் வைக்காதீர்கள் என்று எச்சரிப்பதும் அதனால்தான். பாட்டியின் பட்டுப்புடவை என்ற காரணத்துக்காக இதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. புடவையைக் காற்றாட நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, இடையில் வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ வைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை மடிப்பை மாற்றி வைத்தால் போதும். உருண்டையளவு வலிமை அதற்கில்லை. கவனம் கூடுதலாக வேண்டும்.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இலவச நெகிழிப் பை வேண்டாம் என்று பினாங்கு 2009இல் திங்கட்கிழமைகளில் தொடங்கி, 2011இல் எல்லா நாளுக்கும் விரித்து, 20 காசு கட்டணம் வைத்தது. அதற்காக நிகழ்ச்சிதோறும் புதுப் பருத்திப் பை கொடுப்பது பாதி வழியில் நிற்பது. 2011இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றின்படி, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதலில் மெல்லிய நெகிழிப் பைக்கு ஈடாகும். பழைய புடவையில் தைத்த பைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் அதற்கென்று பருத்தி விளைவிக்கப்படவில்லை.

தாப்பாவ், அதாவது கடையில் கட்டித்தரும் சாப்பாடு, வாங்கப் போகும்போது எவர்சில்வர் அடுக்குச் சட்டியைக் கொண்டுபோவதில் இப்போது எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. சுடச்சுடக் குழம்பை நெகிழிப் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவதைவிட அவர்களுக்கும் அது எளிது. சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்குவதற்கு மட்டும் முதலில் தயங்கினேன். மூடியுள்ள டப்பாவை நீட்டினால், மீன்காரர் முதலில் அதை வெறுமையாகத் தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டு, செதில் நீக்கிய கெம்போங் மீனை உள்ளே அடுக்கித் தருகிறார். பதினொன்றில் வீட்டில் மிஞ்சியவை பாத்திரச் சோப்பு, வினிகர், பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் பிளீச் ஆகிய மூன்று. பாச்சை உருண்டை இருந்த டப்பாவில் இப்போது வசம்பு இருக்கிறது.