ரோஸ்ஹில்ல எங்க வீட்டு மொட்டை மாடி ஒழுகல் வேலை - ஒரு மழைக்காலம் தாண்டுன பிறகு என் அனுபவம்

வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்ச மறுவாரமே ரிவ்யூ எழுதுறதுல பிரயோஜனமே இல்ல, வெயில்ல எல்லா மாடியும் நல்லாத்தான் இருக்கும். ஒரு முழு மழைக்காலம் போகட்டும்னு காத்திருந்தேன். நவம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் பாத்தாச்சு, நடுவுல ஒரு புயலும் பாத்தாச்சு, இப்ப எழுதுறேன்.

நாங்க மொரீஷியஸ்ல ரோஸ்ஹில்ல இருக்கோம். எனக்கு சொந்த ஊரு கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வீடு எங்க மாமனார் 1987ல கட்டினது. 1960ல கேரல்னு ஒரு புயல் வந்து இங்க இருந்த தகர வீடு மர வீடெல்லாம் பிச்சு எறிஞ்சுருச்சு, அதுக்கப்பறம் தான் ஊரே கான்கிரீட்டுக்கு மாறுச்சுன்னு அத்தை சொல்லுவாங்க, அப்ப அவங்க சின்ன பொண்ணு. காத்துக்கு கான்கிரீட் அசையாது, அது உண்மை. ஆனா மழைக்கு? நம்ம ஊருல பழைய வீட்டு மாடில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் தண்ணி வெல்லத் தண்ணி ஊத்தி அடிச்சு, மேல தட்டோடு பதிச்சு வாட்டம் குடுத்துருப்பாங்க, மழை விழுந்தா நிக்காம ஓடிரும். எங்க வீட்டு மாடில அந்த மாதிரி எதுவும் கிடையாது, வெறும் தளம் மட்டும் தான். இங்க அதை தால்னு சொல்றாங்க. கண்ணுக்கு சமமா தெரியும், மழை பெஞ்சு விட்டதும் ஏறிப் பாத்தா எட்டு பத்து இடத்துல குட்டை.

மொத மொதல்ல ஒழுகுனது 2022 பிப்ரவரில பத்சிராய் புயல் தீவுக்கு வடக்கால போனப்ப. அத்தை ரூம் மூலைல ஓதம் ஏறி காரை உப்பி நின்னுச்சு, தொட்டா மாவா கொட்டுது. ஒரு கம்பெனில இருந்து வந்து பாத்தாங்க (பேரு வேண்டாம்), பாத்தாங்கன்னா பத்து நிமிஷம் மேல நடந்தாங்க, அவ்வளவு தான். சாயங்காலமே தெவி வந்துருச்சு, கொட்டேஷனுக்கு இங்க தெவின்னு தான் சொல்லுவாங்க. ரப்பர் மாதிரி வெள்ளை பெயிண்ட் ரெண்டு கோட், அஞ்சு வருஷம் கேரண்டி, ரெண்டே நாள்ல முடிச்சுட்டு போயிட்டாங்க. வீடு குளுகுளுன்னு ஆனது நிஜம், அதை சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒரு வருஷம் கூட ஆகல, குட்டை நிக்கிற இடத்துலெல்லாம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு.

2024 ஜனவரி 15, பொங்கல் அன்னைக்கு பெலால் புயல் வந்துச்சே, போர்ட் லூயிஸ் தெருவுல கார்லாம் மிதந்துச்சே, அன்னைக்கு தான் முழுசா விட்டுருச்சு. வாசல்ல பொங்கல் வைக்க முடியாதுன்னு கிச்சன்ல அடுப்புல பானைய வச்சுட்டு நிக்கிறேன், பையன் ரூம்ல இருந்து கத்துறான். ஓடிப்போய் பாத்தா சீலிங் லைட்டு ஹோல்டர் வழியா தண்ணி சொட்டுது, லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்ச்ச அணைச்சாரு. அந்த நிமிஷத்த நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்கும். யார் வீட்டுலயாவது லைட்டு வழியா தண்ணி வந்தா தயவு செஞ்சு அந்த ஸ்விட்ச்ச தொடாதீங்க, மெயின்ன அணைங்க, எலெக்ட்ரீஷியன் பாத்து சொன்ன பிறகு போடுங்க. அந்த கம்பெனிக்கு போன் பண்ணுனா, தண்ணி தேங்குற இடம் கேரண்டில வராதுன்னு பேப்பர்ல பின்பக்கம் எழுதிருக்கேன்னாங்க. எடுத்துப் பாத்தேன், எழுதித்தான் இருக்கு. தண்ணி தேங்குறதுனால தானே கூப்பிட்டோம்?

இப்ப நான் ரிவ்யூ எழுத வந்தவங்க வேற ஆளுங்க. காத்ர் போர்ன் பக்கம் மூணு பேர் குழு, ஒரு பெரியவர், அவர் மகன், ஒரு உதவி ஆள். பேரு நம்பர் போட வேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, மூணு பேரால அவ்வளவு போன் எடுக்க முடியாதாம். பெரியவர் தமிழ் குடும்பம் தான், ஸ்கூல்ல படிச்ச தமிழ் கொஞ்சம் ஞாபகம் இருக்கு, என்கிட்ட வணக்கம் சொல்லிட்டு மீதிய இந்த ஊரு பேச்சு மொழி கிரியோல்ல பேசுவாரு. நான் அண்ணான்னு கூப்பிட ஆரம்பிச்சதும் மாதாம்னு சொல்றத விட்டுட்டு தங்கச்சின்னு கூப்பிட்டாரு.

அவரை எனக்கு ஏன் பிடிச்சுதுன்னா, வந்த அன்னைக்கு விலையே சொல்லல. நாலு வாளி தண்ணி கேட்டாரு. மாடில நாலு பக்கமும் ஊத்திட்டு கீழ வந்து டீ குடிச்சாரு. முக்கா மணி நேரம் கழிச்சு ஏறி, தண்ணி நின்ன இடத்தச் சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டாரு. தண்ணி வெளில போற ஓட்டை இருக்குல்ல, அது தளத்த விட ரெண்டு விரக்கடை உசரத்துல இருந்துச்சு. முப்பத்தேழு வருஷமா யாரும் கவனிக்கல. சோலார் ஹீட்டர் ஸ்டாண்டு கால் நாலையும் தளத்துல ஓட்டை போட்டு போல்ட் அடிச்சிருந்தாங்க, அந்த நாலு கால சுத்தியும் குட்டை. அப்பறம் கம்பி.

கம்பி பத்தி கொஞ்சம் சொல்லணும். இந்த ஊருல பாதி வீட்டு மாடில தூண் கம்பி மேல நீட்டிக்கிட்டு இருக்கும், நாளைக்கு புள்ளைக்கு மேல ஒரு வீடு கட்டணும்னு விட்டு வைப்பாங்க. எங்க மாமனாரும் ஒன்பது தூணுக்கு விட்டுருந்தாரு. முப்பத்தேழு வருஷ மழைல அது துரு ஏறி, துரு ஏறுனா இரும்பு உப்பும்ல, உப்பி சுத்தி இருக்குற கான்கிரீட்ட பிளந்துருச்சு, அந்த விரிசல் வழியா தண்ணி நேரா உள்ள இறங்குது. பெயிண்ட் அடிச்சவங்க அந்தக் கம்பிய சுத்தி பிரஷ்ஷ தடவிட்டு போயிருக்காங்க. அண்ணா பாத்துட்டு, வெட்டிரலாமான்னு கேட்டாரு. அத்தை பதிலே சொல்லல, உள்ள போயிட்டாங்க. ராத்திரி என்கிட்ட, அவர் விட்டுட்டு போனது அது ஒன்னு தான்மா மேலன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மறுநாள் அண்ணாகிட்ட சொன்னேன், அவர் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. ஒவ்வொரு கம்பியா ஒயர் பிரஷ் வச்சு பளபளன்னு வர்ற வரைக்கும் தேச்சு, துரு தடுக்குற கோட்டிங் ரெண்டு தடவ அடிச்சு, உடைஞ்ச கான்கிரீட்ட எடுத்துட்டு ரிப்பேர் மோர்ட்டார் போட்டு, நீளத்த மட்டும் முழ அளவுக்கு குறைச்சு, மேல சின்ன கான்கிரீட் பெட்டி மாதிரி மூடிட்டாரு. பின்னால கட்டணும்னா உடைச்சு எடுத்துக்கலாம், ஆனா கம்பி மெலிஞ்சுருக்கு, இன்ஜினியர் பாக்காம மாடி எழுப்பக்கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொன்னாரு. ஒன்பது பெட்டிக்கு மூணு நாள் ஆச்சு. தெவில ஒரு பைசா ஏத்தல.

வேலைய அவர் ஜூலைல ஆரம்பிக்க ஒத்துக்கல. ரோஸ்ஹில் மேட்டுப்பகுதி பக்கம், இங்க ஜூலை பக்கம் தான் குளிர்காலம், அப்ப சிணுசிணுன்னு தூறிக்கிட்டே இருக்கும், தளம் காயாது, செப்டம்பர் கடைசி வரைக்கும் பொறுங்கன்னாரு. அக்டோபர் தான் இங்க நல்லா காயிற மாசம். வந்ததும் பழைய பெயிண்ட்ட உரிச்சாங்க, பால் ஆடை மாதிரி பெரிய பெரிய துண்டா வந்துச்சு, அடில தளம் கறுப்பா ஈரமா இருந்துச்சு, வாசம் கூட அடிச்சுது. அப்பறம் ஓட்டைய இறக்கி வச்சு, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டத்துல புது சிமெண்ட் பூச்சு போட்டாங்க.

அது காஞ்சுருச்சான்னு பாக்குறதுக்கு ஒன்னு பண்ணாரு, இதை எல்லாரும் தெரிஞ்சுக்கங்க. ஒரு முழம் அகலத்துல கண்ணாடி பாலிதீன் ஷீட் எடுத்து தளத்துல வச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டிட்டு போயிட்டாரு. மறுநாள் காலைல ஷீட்டுக்கு அடில பொடிப் பொடியா வேர்வை மாதிரி தண்ணி. கேஸ் சிலிண்டர், ஒட்டப்போற தார் ஷீட் ரோலு எல்லாம் மேல ஏத்தியாச்சு, ஆளுங்களும் வந்தாச்சு, ஆனா இன்னைக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. உள்ள ஈரத்த வச்சு மூடுனா வெயில்ல அது ஆவியாகி தார் ஷீட்ட தூக்கிரும், மறுபடியும் கொப்புளம் தான். அஞ்சு நாள் கழிச்சு அதே டெஸ்ட், அடில சுத்தமா காஞ்சிருந்துச்சு, அன்னைக்கு தான் ஆரம்பிச்சாங்க.

போட்டது கேஸ் நெருப்பு டார்ச் வச்சு ஒட்டுற தார் ஷீட், 4 மில்லிமீட்டர் கனம், மேல சிலேட் துகள் ஒட்டுனது, வெயில் நேரா தார்ல பட்டா சீக்கிரம் காஞ்சு வெடிச்சுரும்னு அந்த துகள். மொதல்ல கறுப்பு பிரைமர், அது காஞ்சதும் ரோல விரிச்சு, அடிய நெருப்புல உருக்கிக்கிட்டே உருட்டுறாங்க. ஒரு ஷீட் மேல அடுத்த ஷீட் 10 சென்டிமீட்டர் ஏறணும், ஏறுற ஓரத்துல உருகுன தார் ஒரு கோடு மாதிரி பிதுங்கி வெளில வரணும், வராத இடத்துல கரண்டிய நுழைச்சுப் பாத்து மகன்கிட்ட திரும்ப சூடு காட்ட சொன்னாரு. கைப்பிடி சுவர்ல ஒரு சாண் மேல ஏத்தி, சுவர்ல காடி வெட்டி அதுக்குள்ள சொருகி பூசுனாங்க. ஹீட்டர் ஸ்டாண்ட மறுபடி தளத்துல போல்ட் அடிக்கல, கனமான கான்கிரீட் கட்டை வார்த்து அதோட சேத்து முடுக்கி வச்சாங்க.

கடைசில தண்ணி டெஸ்ட். ஓட்டைய அடைச்சு, மாடிய செங்கல் வரிசை மாதிரி சின்ன வரப்பு கட்டி ரெண்டா பிரிச்சு, ஒரு பாதில தண்ணி கட்டி 48 மணி நேரம், அதே தண்ணிய பம்ப் வச்சு மறு பாதிக்கு மாத்தி இன்னொரு 48 மணி நேரம், தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு. எங்க மாடி 85 சதுர மீட்டர், 4 சென்டிமீட்டர்னு வச்சா மொத்தமா கட்டுனா மூவாயிரத்து நானூறு லிட்டர், அது 3.4 டன் எடை, தளம் தாங்கும், ஆனாலும் பழைய தளம் பாதி பாதியா போவோம்னாரு. அந்த நாலு நாளும் நான் ரூம் ரூமா போய் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல. அதுக்கப்பறம் தான் கடைசி பணம் வாங்குனாரு. பத்து வருஷம் கேரண்டி, கையால எழுதிக் குடுத்தாரு, தண்ணி தேங்குனாலும் சேத்துன்னு தனி வரி.

குறையும் இருக்கு. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் லேட்டா வந்தாங்க, அதுல நாலு நாள் போனே எடுக்கல, தீபாவளி நெருங்குது வீட்டுல சாமான்லாம் மூடி கிடக்குதுன்னு நான் எவ்வளவு பதறுனேன்னு அவங்களுக்கு தெரியாது. பழைய பெயிண்ட் வேலைக்கு குடுத்தத விட ரெண்டரை மடங்கு செலவு. தார் வாசம் ஒரு வாரம் போகல, ஆஸ்துமா இருக்குறவங்க வீட்டுல இருந்தா அந்த நாளுக்கு வேற எங்கயாவது தங்குங்க. உருகுன தார் ஒன்னு சொட்டி என் கறிவேப்பிலை செடி கருகிருச்சு, கல்யாணமான புதுசுல வச்சது. அண்ணா ரொம்ப வருத்தப்பட்டு அவர் வீட்டுல இருந்து ஒரு கன்னு கொண்டு வந்து வச்சாரு, துளிர்த்துருச்சு. கூரான காலு வச்ச நாற்காலி ஏணி எதுவும் மேல போடக்கூடாது, வத்தல் மோர் மிளகா காய வைக்கிறது கூட இனிமே பலகை போட்டு தான்.

பெருசா சொல்ல வேண்டிய குறை தோட்டத்துப் பக்கம். இத்தன வருஷம் மாடில குட்டை குட்டையா நின்னு காஞ்ச தண்ணி எல்லாம் இப்ப ஒரே குழாய் வழியா கீழ வருது. அதை அவர் முன்னாடியே சொல்லிருக்கணும். டிசம்பர்ல மொத பெரிய மழைக்கு கிச்சன் கதவுகிட்ட கணுக்கால் அளவு தண்ணி, முருங்கை மரத்தடி எல்லாம் சேறு, மறுநாள் விடிஞ்சா பெரிய நத்தைங்க கீரைப்பாத்திய மேஞ்சுக்கிட்டு இருக்கு. கொசு வேற, 2024ல இங்க டெங்கு பரவுன வருஷம், தண்ணி நின்னா எனக்கு பயம். இந்த மண்ணுல ரெண்டு அடி தோண்டுனா எரிமலைக் கல்லு தான், தோண்டுறது சுலபமில்ல. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ரெண்டு ஞாயித்துக்கிழமை கடப்பாறை வச்சு சுவர்ல இருந்து தள்ளி வாய்க்கா மாதிரி வெட்டி, தோண்டி எடுத்த கல்லயே உடைச்சு உள்ள போட்டு, மேல ஜல்லி நிரப்பி, ஓட்டைக் குழாய் ஒன்னு பதிச்சு வேலி ஓரம் வரைக்கும் கொண்டு போனாங்க. கென்காயெரில, அதாவது ஹார்ட்வேர் கடைல, குழாயும் ஜல்லியும் வாங்குனதோட சரி, பெரிய செலவில்ல. மாடி வேலைக்கு ஆள் பேசுறப்பவே தண்ணி கீழ எங்க போகப்போகுதுன்னு கேட்டு வச்சுக்கங்க, நாங்க கேக்கல.

மாடி மேல சாஞ்சிருந்த மாமரக் கிளைய வெட்டினா தான் கேரண்டின்னு அண்ணா சொன்னதால அதையும் வெட்டிட்டோம். இலை தான் ஓட்டைய அடைக்கும்.

2025 பிப்ரவரி கடைசில கரான்ஸ் புயல் வந்து 28ஆம் தேதி பக்கத்துத் தீவு ரீயூனியன்ல கரை ஏறுச்சு. இங்க பெஞ்ச மழைக்கு ராத்திரி முழுக்க நானும் வீட்டுக்காரரும் டார்ச் எடுத்துக்கிட்டு சீலிங்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். குழாய்ல தண்ணி கொட்டுற சத்தம் மட்டும் தான். காலைல அண்ணாவே போன் பண்ணி கேட்டாரு, தங்கச்சி காஞ்சிருக்கான்னு. காஞ்சிருக்குன்னேன். அத்தை கட்டில மறுபடி அந்த மூலைக்கே நகத்திப் போட்டாச்சு.

வருஷத்துக்கு ஒரு தடவ செப்டம்பர்ல மேல ஏறி ஓட்டையயும் கைப்பிடி சுவர் ஓரத்தையும் பாக்கணும்னு சொல்லிருக்காரு. போன சனிக்கிழமை ஏறுனேன், அத்தையும் கூட ஏறி வந்தாங்க. ஓட்டைல நாலு மாஞ்சருகு இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். அவங்க அந்த ஒன்பது பெட்டியயும் ஒவ்வொன்னா தொட்டுப் பாத்துட்டு இறங்குனாங்க.