பழைய சவரக்கத்திக்கு எந்தப் பிடி: பழைய கொம்பா, புதுக் கொம்பா, அக்ரிலிக்கா?

வெள்ளிக்கிழமை காலையில் மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கினால், பழைய சாமான் சந்தையான சோர் பஜாருக்கு நடந்தே போய்விடலாம். மட்டன் ஸ்ட்ரீட் ஓரத்தில் சாக்கை விரித்துப் பூட்டு, சாவி, மூடியில்லாத கூஜா என்று பரப்பியிருப்பார்கள். அந்தக் குவியலில் எப்போதாவது ஒரு மடக்குச் சவரக்கத்தி தட்டுப்படும். போன மழைக்கு முன் எனக்கு மூன்று கிடைத்தன. ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, மற்ற இரண்டும் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தவை. இரண்டுமே கத்திக்குப் பேர்போன ஊர்கள்.

இரும்பைப் பற்றிக் கவலையில்லை. மேல் துருதான் என்றால் எண்ணெய் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தாலே போய்விடும். தீட்டுவதும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. கத்தியின் முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படிந்தால் கோணம் தானாக அமைந்துவிடும். 1000, 3000, 8000 என்று (எண் கூடக்கூடக் கல் நைசு) கல்லை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் தோல் வாரில் இழுத்தால் சரி. ஆள் தடுமாறுவது பிடியில்தான்.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். பிடியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணந்தால் அது கொம்பு இல்லை, செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். கொம்பு மாதிரியும் ஆமை ஓடு மாதிரியும் அழகாகப் போலி செய்வார்கள். நாளானால் அது சிதைந்து அமில ஆவியைக் கக்கும், பக்கத்திலிருக்கும் இரும்பை அரித்துவிடும். தீயும் சட்டென்று பற்றும். என் சோலிங்கன் ஒன்றில் துரு முழுக்கப் பிடிக்குள் மடங்கியிருந்த பகுதியில் மட்டும் இருந்ததன் காரணம் இதுதான். அந்தப் பிடியைக் காப்பாற்ற நினைக்கவே கூடாது.

மற்ற இரண்டும் அசல் எருமைக் கொம்பு. கொம்பும் நம் நகமும் முடியும் ஒரே சரக்கு, கெரட்டின். அதனால்தான் கம்பளி, தோல், இறகு தின்னும் சின்ன வண்டின் புழு கொம்பையும் விடுவதில்லை. ஷெஃபீல்டு பிடியில் கடுகு அளவில் ஏழெட்டுக் குழிகள். இதைப் பார்த்ததும் பலர் பிடியையே கழற்றி வீசிவிடுவார்கள். வேண்டாம். முதலில் பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தேன், உள்ளே புழு இருந்தால் சாகட்டும் என்று. (பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அது இருந்ததை அம்மா கவனிக்கவில்லை.) அப்புறம் கொம்பைத் தேய்த்தெடுத்த தூளைக் குழியில் நிரப்பி, மேலே ஃபெவிக்விக் இரண்டு சொட்டு. காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 2000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பித்தளை துலக்கும் பிராசோ போட்டால் எங்கே குழி இருந்தது என்று தேட வேண்டும். உலர்ந்த தூள் மூக்குக்கு ஆகாது, முகத்தில் மாஸ்க் அவசியம். பழைய ஷெஃபீல்டுகளில் வால்பக்கம் பிடியின் இரண்டு ஏடுகளுக்கு (பக்கத் தகடுகளுக்கு) நடுவே ஈயத் துண்டு இருக்கலாம், அதை உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது.

வளைந்த கொம்பையும் நிமிர்த்தலாம். கொதிநீரில் சில நிமிடம் போட்டால் இளகும். இரண்டு பட்டைப் பலகைக்கு நடுவே இறுக்கி ஆறவிட வேண்டும். நான் அவசரப்பட்டு காஸ் அடுப்பில் நேராகக் காட்டினேன். “யாரு தலைமுடிடா கருகுது?” என்று அம்மா சமையற்கட்டுக்கு ஓடி வந்தாள். ஓரம் கருகிப் பொரிந்துபோனது அந்த இரண்டாவது சோலிங்கன் பிடிதான். மிச்சத்தை, கத்தியைப் பிடியோடு சேர்க்கும் ஆணியைக் கழற்றும்போது உளியால் நெம்பி நானே முடித்துவைத்தேன். ஆணித் துளையிலிருந்து நுனிவரை ஒரே விரிசல். ஆணியின் தலையை அரத்தால் ராவிவிட்டு மெல்லத் தள்ளியிருக்க வேண்டும்.

என் கணக்கில் முடிவு செய்வது அந்தத் துளைதான். குழி, கீறல், வெளுப்பு எல்லாம் மேல்பூச்சு விஷயம். கத்தி திரும்புகிற ஆணித் துளையில் விரிசல் விழுந்தால் எந்தப் பசையும் நிற்காது. அங்கேதான் புதுக் கொம்புக்கு வேலை.

புதுக் கொம்புக்கு உத்தரப் பிரதேசத்துச் சம்பல் பேர்போன ஊர், கொம்பு வேலையும் எலும்பு வேலையும் அங்கே பரம்பரைத் தொழில். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஏடாக ஒரு ஜோடி வரவழைத்தேன், கத்தியின் விலையைவிட அதிகம். பளபளப்பில் பழசை மிஞ்சும். ஆனால் மும்பை மழையில் புதுக் கொம்பு ஈரத்தைக் குடித்து அசையும். ஜூலையில் மாட்டியது, ஆகஸ்டில் ஒரு ஏடு உள்பக்கமாக வளைந்து, மடக்கும்போது கத்தியின் விளிம்பு கொம்பில் உரசியது. அரைநாள் வேலையில் தீட்டிய முனை போயே போச்சு. வாங்கியதும் செதுக்காமல் ஒன்றிரண்டு மாதம் வீட்டுக் காற்றுக்குப் பழக விட்டிருக்க வேண்டும். மான் கொம்பு, தந்தம் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா இல்லை.

அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈரம் குடிக்காது, பூச்சி தின்னாது, குளியலறையில் தினமும் கிடக்கலாம், விலையும் மலிவு. கையில் எடுத்தால் கொம்பின் இதமான வழவழப்பு மட்டும் வராது. செல்லுலாய்டு கழற்றிய கத்திக்கு இதைத்தான் போட்டேன், தினம் நான் சவரம் செய்வதும் அதில்தான்.

மூன்றுக்கும் ஆணி ஒன்றே: நாக்தேவி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. குட்டிச் சுத்தியலால் பூ விரிவதுபோல மெல்லத் தட்ட வேண்டும். ஷெஃபீல்டை இப்போது மாதம் ஒருமுறை எடுத்துக் கொம்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மடக்கி, டியூப்லைட் எதிரே பிடித்துப் பார்க்கிறேன். விளிம்புக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறது.