கையிருப்பா, அன்றன்றைய வரத்தா?

கிடங்கு நிறையச் சரக்கை அடுக்கிவைத்துத் தொழில் நடத்துவது ஒரு முறை. தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வரவழைப்பது இன்னொன்று.

இரண்டாவதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது டொயோட்டா. பணம் சரக்கில் முடங்காது, இடம் மிச்சம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: பாகம் பழுதாக வந்தால் அன்றே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் குவித்து வைத்தால், கடைசிப் பெட்டியைப் பிரிக்கும்வரை குறை வெளியே வராது.

சரி, சரக்கு ஏற்றிவரும் வண்டி வராவிட்டால்? 1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்துதரும் ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான சின்ன வால்வு ஒன்றுக்கு டொயோட்டா அந்த ஆலையைத்தான் நம்பியிருந்தது. கையில் இருந்த வால்வுகள் சீக்கிரமே தீர, ஜப்பானில் அதன் கார் உற்பத்தி சில நாட்கள் நின்றது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப் போன்றவற்றுக்கு மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் அதே டொயோட்டாவே கேட்டுக்கொண்டது.

ஆகவே பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியைக் குவிப்பது வீண். நாலு பேரிடம் கிடைக்கும். ஒரே ஆளிடம் கிடைக்கும் பாகம் மலிவானதாக இருந்தாலும் இருப்பில் இருக்கட்டும்.

அப்புறம், ‘சரக்கு வந்துசேரச் சராசரியாகப் பத்து நாள்’ என்று சப்ளையர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஆர்டர் தேதிகளைப் பாருங்கள். 9 நாளுக்கும் 11 நாளுக்கும் இடையில் நின்றால் கொஞ்சம் இருப்பு போதும். 4 நாளுக்கும் 25 நாளுக்கும் இடையில் ஆடினால், அந்தப் பொருளுக்குக் கிடங்குதான் கதி.