கொல்லைப்புற வாத்துகளுக்கு இரவுக் காவல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகளாக வீட்டின் பின்புறத்தில் வாத்து வளர்த்து வருகிறேன். தீனியும் நோயும் அதிகத் தொல்லை தருவதில்லை. கவனத்தின் பெரும்பகுதியைக் கேட்பது நரி, நாய், கீரி, மரநாய் போன்றவற்றிடமிருந்து அவற்றைக் காக்கும் வேலைதான். இதற்கெனப் பரிந்துரைக்கப்படும் ஏற்பாடுகள் பலவும் கோழியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதையும், வாத்தின் இயல்பு வேறு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் கோழி தானாகவே கூட்டுக்குள் சென்று உயரத்தில் அடைந்துவிடும். வாத்துக்கு அந்த வழக்கம் இல்லை. அது தரையிலேயே, முடிந்தால் நீரருகிலேயே, இரவைக் கழிக்க விரும்பும். கனத்த உடல் கொண்ட வளர்ப்பு இனங்களால் பறந்தும் தப்ப இயலாது, ஓடியும் தப்ப இயலாது.

ஆகவேதான், வெளிச்சம் குறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் தானியங்கிக் கதவு எனக்குப் பயன்படவில்லை. கருவியில் குறை இல்லை. வாத்துகள் வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே அது மூடிவிடுகிறது. அதைவிட, மாலைத் தீனியைக் கொட்டகைக்குள் மட்டுமே வைப்பது என்ற எளிய ஒழுங்கு நன்றாக வேலை செய்கிறது. சில வாரங்களில் தீனித் தட்டின் ஓசைக்கே வரிசையாக உள்ளே வந்துவிடுகின்றன. உலர்ந்த தீனி தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், தலையை முழுவதும் நனைக்கும் ஆழத்திற்கு நீரும் அருகில் இருக்க வேண்டும். தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். சிந்திய தீனி எலியை வரவழைக்கும், எலியின் பின்னால் பாம்பு வரும்.

செலவழித்ததில் முழுத் திருப்தி தந்தது கம்பிவலைதான், அதிலும் எந்த வலை என்பதே முக்கியம். அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய கோழிவலை, பறவைகளை உள்ளே நிறுத்தி வைக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும், சிறிய விலங்குகள் அதன் கண்களுக்குள் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்களுடன் பற்றவைத்துச் செய்த துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையே தாங்கியது. தோண்டி வரும் விலங்குகளுக்காக அதே வலையைச் சுவரோடு இணைத்து, தரைமட்டத்தில் வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு விரித்து, மேலே மண் போட்டிருக்கிறேன். சுவரோரத்தில்தான் விலங்கு தோண்டத் தொடங்கும். வலை தட்டியதும் பின்னுக்கு வந்து தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. காற்றுக்காக மேலே விட்ட இடைவெளிகளுக்கும் இதே வலை வேண்டும், ஏனெனில் மரநாய் கூரை வழியாகவே வரும்.

அசைவைக் கண்டு எரியும் விளக்கை வெகுவாகப் புகழ்கிறார்கள். சில நாட்களுக்கு அது பயன் தந்தது. அதன்பின் விலங்குகள் பழகிக்கொண்டன. கூட்டத்தோடு சேர்த்து வளர்த்த பெருவாத்துகள் (ஆங்கிலத்தில் goose) நன்றாகக் கூச்சலிடும், ஆனால் கூச்சல் கேட்டு எழுந்து வர ஆள் வேண்டும்.

வாத்துகளிடமும் ஒரு காவல் உண்டு. மல்லார்டு என்ற காட்டு வாத்து இனத்தை வைத்து நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையின் ஓரத்தில் உறங்கும் பறவை வெளிப்புறக் கண்ணைத் திறந்து வைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்க விடுவது தெரியவந்தது. எச்சரிக்கைக்கு அது போதும். மூடிய கொட்டகைக்குள் கீரி புகுந்துவிட்டால் அதனால் பயனில்லை. அத்தகைய விலங்கு பசிக்கு ஒன்றோடு நிற்பதும் இல்லை.

வளர்ந்த வாத்துகளுக்குப் பகலில் ஆபத்து குறைவு. குஞ்சுகளைத்தான் காகமும் பருந்தும் தூக்கிச் செல்கின்றன. அவற்றுக்கு மட்டும் மேலே வலை கட்டுகிறேன். காலையில் வெயில் ஏறிய பிறகே கதவைத் திறப்பதில் இரட்டைப் பயன் உண்டு: விடியலில் திரியும் நரி விலகியிருக்கும், பெரும்பாலான முட்டைகளும் உள்ளேயே இடப்பட்டிருக்கும்.

கம்பிவலையில் நெடுநாளில் தெரியவந்த ஒரே பலவீனம் துரு. வாத்தின் எச்சத்தில் நீர் மிகுதி. ஈரத் தரையைத் தொடும் கம்பி மற்ற இடங்களைவிட முன்னதாகவே அரிக்கிறது. அடிப்பகுதியை மட்டும் தனித் துண்டாகப் பொருத்தியிருப்பதால், முழு வலையையும் பிரிக்காமல் அதை மட்டும் மாற்ற முடிகிறது.