யோக்கா, டின்னா? புதுச்சேரிக் கடலில் ஆறு வருட அனுபவம்

2018-இல் புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலில் முழுகுவதைக் கற்றுக்கொண்டேன். வீடு கடலூர் முதுநகர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு பைக்கை எடுத்தால் விடியும் நேரத்துக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இருக்கலாம். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவிதான் ரெகுலேட்டர், அதை சிலிண்டரோடு இணைக்கும் இரண்டு முறைகள் யோக்கும் டின்னும். முதல் மூன்று வருடம் யோக் ரெகுலேட்டர், அடுத்த மூன்று வருடம் டின். ரெகுலேட்டர் ஒன்றேதான், சிலிண்டரோடு சேரும் முனையை மட்டும் நடுவில் மாற்றினேன். அதனால் இரண்டையும் ஒரே கடலில், ஒரே மாதிரி வாடகை சிலிண்டர்களில் ஒப்பிட முடிந்தது.

டின் என்பது தகர டின் அல்ல, ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். யோக்கில், சிலிண்டர் வால்வின் முகத்தில் ஒரு வட்டப் பள்ளம் இருக்கும், அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். ரெகுலேட்டரின் கிளாம்ப் வால்வைச் சுற்றிப் பிடிக்கும், பின்பக்கத் திருகை முடுக்கினால் இரண்டும் நெருங்கி அடைத்துக்கொள்ளும். டின்னில் வால்வின் வாய்க்குள்ளேயே மரை வெட்டியிருக்கும், ரெகுலேட்டரை அதற்குள் திருகி இறக்க வேண்டும். ஓ-ரிங் ரெகுலேட்டரின் நுனியில் இருக்கும். சுற்றிலும் உலோகம் என்பதால் அது பிதுங்கி வெளியே வர இடமில்லை.

கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: யோக்கில் ஓ-ரிங் சிலிண்டருக்குச் சொந்தம், டின்னில் அது உங்களுக்குச் சொந்தம். வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ரிங் சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும். அது நைந்துபோயிருந்தால் நம் ரெகுலேட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கசியும். யோக்கும் அப்படித்தான். வெயிலில் கிடந்து, நூறு பேர் கையில் புழங்கிய ரிங்கை நம்பித் தண்ணீரில் இறங்குகிறோம்.

எனக்கு இது புரிந்தது 2019 ஏப்ரலில். டெம்பிள் ரீஃப் எனப்படும் செயற்கைத் திட்டில் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருந்தோம். அன்று தண்ணீர் தெளிவு. கூட வந்த அண்ணன் என் தலைக்குப் பின்னால் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். திரும்பினால் எனக்கு எதுவும் தெரியவில்லை, காதுக்குப் பின்னால் பொரிவது போலச் சத்தம் மட்டும் கேட்டது. வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்திலிருந்து குமிழி சரம் சரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரலை மேலே காட்டினார், ஏறிவிட்டோம். ஏறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோதும், மீதிக் காற்றைக் காட்டும் கேஜிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆபத்து என்று சொல்லும் அளவுக்குக் காற்று போகவில்லைதான். ஆனால் படகில் கழற்றிப் பார்த்தபோது ரிங்கின் ஓரத்தில் பிளேடால் கீறியது போல ஒரு வெட்டு. இறங்குவதற்கு முன் நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாடகைக்குக் கொடுத்த இடத்தைக் குறை சொல்லலாம், ஆனால் பார்த்திருக்க வேண்டியது நான்.

2021-இல் கொரோனாவால் கடலுக்குப் போகாமல் கிடந்த சமயத்தில், சர்வீசுக்குக் கொடுத்தபோதே டின்னுக்கு மாற்றச் சொன்னேன். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பாகத்துக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்று பெயர். பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜுகளுக்கு மாற்று முனை தனியாகக் கிடைக்கும், புது ரெகுலேட்டர் வாங்குவதோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. வீட்டில் ஸ்பேனர் போட்டு முயல வேண்டாம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு இருக்கிறது, அது மெக்கானிக்கின் வேலை.

மாற்றியது டின் அதிக அழுத்தம் தாங்கும் என்பதற்காக அல்ல. யோக் 232 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை தாங்கும். நம் படகுகளில் வரும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் நிரம்பினாலே 207 பார்தான். 300 பார் இரும்பு சிலிண்டர் வைத்திருப்பவருக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். டின்னிலேயே இரண்டு வகை உண்டு: 232 பாருக்கு ஐந்து சுற்று மரை, 300 பாருக்கு ஏழு. ஏழு சுற்று ரெகுலேட்டர் இரண்டு வால்விலும் சேரும், ஐந்து சுற்று ரெகுலேட்டர் 300 பார் வால்வில் அடைக்காது. அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வாங்கினால் ஏழு சுற்று வாங்குங்கள்.

மாற்றிய பிறகு ஒரு தடவைகூட எனக்கு அந்த இடத்தில் கசிவு வரவில்லை. கிளாம்ப் போனதால் ரெகுலேட்டர் எடை குறைந்தது, தலையின் பின்பக்கத்தில் இடிப்பதும் நின்றது.

ஆனால் தொல்லை வேறு பக்கம் வந்தது. வாடகை சிலிண்டர்களின் வால்வு பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானது. உள்ளே இன்செர்ட் என்று ஒரு திருகு முனை இருக்கும். அது இருந்தால் யோக், ஆலன் கீ வைத்துக் கழற்றினால் டின். பல மாதம் யாரும் கழற்றாத இன்செர்ட் உப்பேறி இறுகிவிடும். ஒருநாள் அலையில் ஆடும் படகில் நானும் படகுத் தம்பியும் மாறி மாறி முக்கினோம், அசையவே இல்லை. "அண்ணே, விடுங்க, வால்வு போயிடும்" என்றான். அவன் சொன்னது சரி. இப்போதெல்லாம் கரையிலேயே, சிலிண்டரைப் படகில் ஏற்றும் முன் கழற்றிவிடுகிறேன். கழற்றிய இன்செர்ட்டை ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது தொலைந்தால் அடுத்தவருக்கு அந்த சிலிண்டர் உதவாது. இன்செர்ட் இல்லாத சிலிண்டர் படகில் சாய்ந்து விழுந்தால் வால்வின் வாய் நசுங்கி மரை கெடவும் கூடும்.

திருகும்போது அவசரம் கூடாது. முதலில் இடப்பக்கம் லேசாகச் சுற்றி, மரை உட்காரும் 'டிக்' வந்ததும் வலப்பக்கம் திருக வேண்டும். விரலால் இறுகினால் போதும். மேலே வந்தபின் கழற்ற வரவில்லை என்றால் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வால்வை மூடி, வாயில் வைக்கும் பகுதியில் மிச்சக் காற்றை வெளியேற்ற இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

டின்னை யோக் வால்வில் மாட்ட அடாப்டர் உண்டு. அந்தமான் போனபோது அதுதான் கைகொடுத்தது. ஆனால் அதை மாட்டினால் சிலிண்டரின் ரிங்கையே மறுபடி நம்ப வேண்டும், அடைக்க வேண்டிய இடமும் ஒன்று கூடும், ரெகுலேட்டர் பின்னால் நீட்டிக்கொண்டு தலையில் தட்டும். தினசரிக்கு ஒத்துவராது, பையின் அடியில் கிடக்கட்டும்.

வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும், கடையிலேயே எல்லாம் வாடகைக்கு எடுத்து முழுகுபவர் யோக்கிலேயே இருக்கலாம். சொந்த ரெகுலேட்டர் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு டின்னுக்கு. எதுவானாலும் ஒரு சின்ன டப்பாவில் மாற்று ஓ-ரிங் வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்றல்ல: யோக் வால்வுக்கு 014 எண் ரிங், டின் நுனிக்கு 112 எண் ரிங். நான் இரண்டிலும் நான்கு வைத்திருக்கிறேன். யோக்குக்கானது எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை, படகில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.